பதினேழு தடவை விட்ட வேலை

ஜனவரி மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கே டேங்க் வாசலில் வரிசை நின்றுவிட்டது. அந்தத் தொழிற்சாலையின் பெயர் டேங்க் இல்லை. பெயர்ப்பலகையை நாலைந்து தடவை அழித்து அழித்து எழுதிவிட்டார்கள். இப்போதைய பெயர் என்னவென்று கேட்டால் உள்ளே சட்டை தைக்கிறவர்களே தலையைச் சொறிவார்கள். பின்பக்கம் நிற்கிற பெரிய தண்ணீர் டேங்க் மட்டும் மாறவில்லை. அதனால் சொயாபாங்கோ ஊரில் பஸ் டிரைவரிலிருந்து பாதிரியார் வரைக்கும் எல்லாருக்கும் அது டேங்க்தான்.

தினோரா வரிசையில் இரண்டாவதாக நின்றாள். இஸ்திரி போட்ட ரவிக்கை, கையில் நிரப்பிய விண்ணப்பம். நாற்பத்தேழு வயது. வேலை கேட்டு வந்திருந்தாள். என்ன வேலை என்று கேட்கிறீர்களா? போன மாதம் பதினைந்தாம் தேதி வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே வேலை. சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. அதே மிஷின், அதே ஸ்டூல். ஸ்டூலின் மேல் அவள் கட்டிவைத்த பழைய தலையணை கூட அங்கேயேதான் கிடக்கிறது.

இதில் குழம்புவதற்கு ஒன்றும் இல்லை, அங்கே அது வழக்கம். ஒவ்வொரு டிசம்பரும் பாதியில் எல்லாரும் வரிசையாகப் போய், 'சொந்தக் காரணங்களுக்காக என் விருப்பத்தின் பேரில் வேலையை விடுகிறேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். கொஞ்சம் பணம் வைத்து ஒரு கவர் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சோளமாவுத் தமாலே அவித்துத் தின்று, வெடி வெடித்து, ஜனவரியில் புது ஆளாக வந்து வேலை கேட்க வேண்டும். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர் என்று ஆகிவிட்டால் ஆளைச் சும்மா அனுப்ப முடியாதாம், சட்டம் அப்படிச் சொல்கிறதாம். ஆகவே வருஷத்தைச் சேரவே விடுவதில்லை. தினோரா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, அம்மாவைப் புதைத்து, கண்ணாடியும் போட்டாயிற்று. காகிதத்தில் மட்டும் அவள் ஒரு வருஷம் கூட எங்கும் முழுசாக வேலை பார்த்தவள் இல்லை.

ஜனவரி நேர்காணலும் ஒரு சடங்குதான். மூன்று நிமிஷம். ஆட்களைச் சேர்க்கும் அறையில் எவெலியோ, மரியாதையாகச் சொன்னால் தோன் எவெலியோ, தலை நிமிராமல் கேட்பார்: பேர் என்ன, முந்தின வேலையை ஏன் விட்டீங்க, எப்பலேர்ந்து வர முடியும்? தினோரா, சொந்தக் காரணம், இப்பவே. டப்பென்று முத்திரை. அடுத்தது யார்?

இந்த வருஷம் அந்தத் தோன் எவெலியோ வரிசையில் முதல் ஆளாக, தினோராவுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் விண்ணப்பம். கழுத்தில் டை.

தினோராவுக்குப் பின்னால் நின்ற சொய்லாவுக்கு வாய் சும்மா இருக்காது. பக்கத்து மிஷினில் கைப்பட்டி தைக்கிறவள். "என்ன தோன் எவெலியோ, வழி தவறி வந்துட்டீங்களா? உங்க நாற்காலி உள்ள இருக்கு!"

"எனக்கும் அப்படித்தான் தோணுது புள்ளே. வாட்ச்மேன் இதைக் கையில குடுத்து லைன்ல நில்லுங்கன்னுட்டான்."

"உங்களையா?"

"டிசம்பர்ல நானும்தானே கையெழுத்துப் போடறேன். உங்க எல்லாரையும் போட வெச்சிட்டு, கடைசில என்னுதை நானே எழுதி நானே ஃபைல்ல வெப்பேன். ஜனவரில என்னை நானே கேட்டுக்குவேன், ஏன் வேலையை விட்டீங்கன்னு. நானே முத்திரை குத்திக்குவேன்." அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இருபத்தோரு வருஷமா ஒரு தடவைகூட நான் எனக்கு வேலை இல்லேன்னதில்ல."

சொய்லா விழுந்து விழுந்து சிரித்தாள். தினோராவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப உள்ள யாரு இருக்காங்க?"

"வெளில ஒரு கம்பெனிலேர்ந்து வந்திருக்காங்களாம். இவோன் மேடமாம். ஆள் எடுக்கறதை இந்த வருஷம் அவங்ககிட்ட விட்டுட்டாங்களாம்."

"அந்த மேடத்துக்கு நம்ம வழக்கம் தெரியுமா?"

தோன் எவெலியோ யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்த்ததும் தினோராவும் யோசித்தாள். யார் சொல்லியிருப்பார்கள்? முதலாளி வெளிநாட்டில். மேனேஜர் சொல்ல மாட்டார், சொன்னால் அது இருக்கிறது என்று ஆகிவிடும். காகிதத்தின்படி அப்படி ஒரு வழக்கமே கிடையாது. இல்லாத ஒன்றை யார் எப்படி எடுத்துச் சொல்வது?

"ஒண்ணும் ஆகாது," என்றார் தோன் எவெலியோ கடைசியில். "கேள்வி அதே கேள்விதான். பதிலும் அதே பதில்தான். சொந்தக் காரணம்னு சொல்லணும், வாயை மூடிக்கணும். நான் போய்ட்டு வரேன், பாரு."

போனார். வெளியே தெருவில் புது வருஷ வெடிக் காகிதங்களைக் காற்று சுருட்டிச் சுருட்டி அடித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக மூன்று நிமிஷம். அவர் பத்து நிமிஷம் இருந்தார். வெளியே வந்தபோது டை கழுத்திலிருந்து தளர்ந்து தொங்கியது.

"முத்திரை எங்க?" என்றாள் சொய்லா.

"கூப்பிட்டுச் சொல்றோம்னாங்க."

கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் தினோரா.

"சொந்தக் காரணம்னேன்! அந்தப் பொண்ணு, என்ன சொந்தக் காரணம்னுது. சொந்தம்னா சொல்ற விஷயமில்லைன்னு அர்த்தம் மேடம்னேன். இருபத்தோரு வேலையை விட்டிருக்கீங்க, இருபத்தோரு தடவையும் சொல்லக்கூடாத காரணமான்னுது. இத்தனை வருஷத்துல என்னை யாருமே அந்தக் கேள்வியைக் கேட்டதில்ல தினோரா. நான்தான் கேட்டிருக்கேன்." அவர் யாரையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

"அடியே, நீ மாத்திச் சொல்லிடு," என்று சொய்லா காதைக் கடித்தாள். "ஏதாச்சும் கதை விடு."

"என்ன கதை?"

"எனக்கென்ன தெரியும்? உண்மையை மட்டும் உளறித் தொலைக்காதே. முந்தா வருஷம் அயர்ன் செக்ஷன்ல இருந்த மூணு பேரு என்ன ஆனாங்க?"

அந்த மூன்று பேர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், நாங்கள் வேலையை விடவே இல்லை, விட வைக்கிறார்கள் என்று சொன்னவர்கள். அடுத்த ஜனவரியில் அவர்களையும் கூப்பிட்டுச் சொல்வதாகத்தான் சொன்னார்கள். ஒருத்தி இப்போது பஸ்ஸில் ஏறிச் சீப்பு விற்கிறாள். தினோராவை இந்த வயதில் வேறெந்தத் தையல் கம்பெனியும் எட்டிக்கூடப் பார்க்காது, முப்பத்தைந்துக்கு மேல் ஒருவரையும் எடுப்பதில்லை. டேங்க் போனால் சீப்புதான்.

"அடுத்தவங்க வாங்க!"

உள்ளே அறை அதே அறைதான். தோன் எவெலியோவின் காலண்டர் கூடச் சுவரில் தொங்கியது. நாற்காலியில் மட்டும் ஓர் இளம்பெண். இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். ஜலதோஷம், மூக்கு நுனி சிவந்திருந்தது. முன்னால் கம்ப்யூட்டர், பக்கத்தில் தினோராவின் ஃபைல். ஃபைல் இவ்வளவு தடியாக இருக்கும் என்று தினோரா நினைத்ததே இல்லை.

"உட்காருங்க நீன்யா தினோரா." நாற்பது தாண்டிய பெண்ணை மரியாதையாக அப்படித்தான் கூப்பிட வேண்டும். நன்றாக வளர்க்கப்பட்ட பெண் என்று தெரிந்தது. அதுவே தினோராவுக்கு இன்னும் பயமாக இருந்தது. திட்டுகிற ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று தெரியும். "சொல்லுங்க, முந்தின வேலையை ஏன் விட்டீங்க?"

"சொந்தக் கார..." வாய் தானாகத் திறந்துகொண்டது. தினோரா நாக்கைக் கடித்தாள். "பல்வலி மேடம்."

"பல்வலியா?"

"பயங்கரமான பல்வலி."

மேடம் அதை அப்படியே தட்டி ஏற்றினாள். "சரி, அது போன டிசம்பர். அதுக்கு முந்தின டிசம்பர்லயும் விட்டிருக்கீங்க."

"மாமியாருக்குப் பித்தப்பைல கல்லு."

"அதுக்கு முன்னால?"

"அப்ப... அப்பவும் மாமியார்தான். வேற கல்லு."

"அதுக்கு முன்னால?"

தினோராவின் மாமியார் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பாவம், அவளை எத்தனை தடவைதான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது? தினோரா வீட்டுக் கூரையைக் காற்றில் பறக்கவிட்டாள். தம்பியை ஏணியிலிருந்து தள்ளினாள். மகளுக்கு அம்மை போட வைத்தாள். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் வாடிக்கொண்டே போனது. இந்தம்மாவுக்கு ஏன் இப்படியெல்லாம் நடக்கிறது என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். தினோராவுக்கோ எந்த வருஷத்தில் எந்தக் கையை உடைத்தோம் என்றே மறந்துவிட்டது. பொய் சொல்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பத்தாவதோ பதினொன்றாவதோ வந்தபோது மேடம் தட்டுவதை நிறுத்தினாள். "நீன்யா தினோரா, தப்பா நினைக்காதீங்க. பதினேழு வருஷம், பதினேழு தடவை வேலையை விட்டிருக்கீங்க. பதினேழும் டிசம்பர். ஒவ்வொரு டிசம்பரும் உங்களுக்கு என்னதான் ஆகுது?"

"கிறிஸ்துமஸ் ஆகுது மேடம்."

மேடம் மெதுவாக முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "குடிப்பழக்கம் ஏதாவது?"

"ஐயையோ! ஆண்டவரே! நான் சபைக்குப் போறவ மேடம்! ஒரு பீர் வாசனைகூட எனக்கு ஆகாது!"

"அப்ப எனக்குப் புரியல. வேலையைப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஒருநாள் லேட்டா வந்ததில்ல. இப்படிப்பட்ட ஆள் எதுக்கு வருஷா வருஷம் கம்பெனி மாறணும்? இதுல நாலு கம்பெனி பேர் இருக்கு." ஃபைலைப் புரட்டினாள். ஒரு தாளை எடுத்தாள். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவதையும் வைத்தாள். நெற்றி சுருங்கியது. "நாலுக்கும் ஒரே விலாசம் போட்டிருக்கே?"

"ஆமா மேடம்."

"நாலு கம்பெனியும் ஒரே கட்டடத்துலயா?"

"ஆமா மேடம்."

"எங்க இருக்கு அது?"

தினோரா என்ன சொல்வதென்று தெரியாமல் ஆள்காட்டி விரலால் தரையைக் காட்டினாள். மேடம் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அங்கே ஏதோ இருக்கிற மாதிரி, மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

"இங்கதான் மேடம்," என்றாள் தினோரா ஈனஸ்வரத்தில். "இந்த இடம்தான்."

மேடம் நிமிர்ந்தாள். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து உற்பத்திப் பதிவேடுகளை எடுத்துவந்தாள். பழசு ஒன்று, நடுவில் ஒன்று, போன டிசம்பர் ஒன்று. காலர் பக்கம், நூற்றுப் பதினான்காம் நம்பர், தினோரா. காலர் பக்கம், நூற்றுப் பதினான்காம் நம்பர், தினோரா. மூன்றிலும் அதேதான். கம்பெனி மாறியிருந்தது, மேனேஜர் கையெழுத்து மாறியிருந்தது. நம்பர் மாறவில்லை.

இவள் நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாளா, இல்லை வாயைப் பிடுங்குகிறாளா? தினோராவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெகுளி என்றால் இவளிடம் உண்மையைச் சொல்லலாம். வெகுளி வேஷம் என்றால் சொன்ன அன்றே கதை முடிந்தது. சொல்லாவிட்டாலும் முடிந்தது, தோன் எவெலியோவுக்கு முடிந்த மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சீப்புப் பெட்டி தெரிந்தது.

"நீன்யா தினோரா, நீங்க நிஜமா எப்பத்தான் வேலையை விட்டீங்க?"

"நான் விடவே இல்ல மேடம்."

சொல்லிவிட்டாள். இதற்கு மேல் ஆவது ஆகட்டும் என்று மடையைத் திறந்துவிட்டாள். "ஒருநாளும் விடல. டிசம்பர்ல காகிதம் குடுப்பாங்க, கையெழுத்துப் போடுவோம். ஜனவரில வந்து நிப்போம். பல்வலி இல்ல, மாமியார் செத்துப்போச்சு, கூரை நல்லாத்தான் இருக்கு. நான் எங்கயும் போகல. எங்க போவேன்? எங்களை ஏன் விட்டீங்கன்னு கேக்கறீங்க. நாங்க விட்டாத்தானே மேடம் சொல்ல முடியும்?"

மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "எல்லாருமா?"

"எல்லாரும். இப்ப போனாரே, அவர் கூட. நீங்களும் போடணும்."

"நானா? எதுல?"

"ராஜினாமாவுல. டிசம்பர் பதினஞ்சு. இந்த நாற்காலில இருக்கறவங்க கடைசியாப் போடுவாங்க."

அந்தப் பெண் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தாள். தோன் எவெலியோவின் முழங்கை பட்டுப் பட்டு அதன் சாயம் போயிருந்தது. பிறகு சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ஆனா இந்தப் பெட்டியை நிரப்பாம அடுத்த பக்கம் விடாது. வேலையை விட்ட காரணம்னு கேக்குது. விடலைன்னா..." தட்டினாள். "இன்னும் பணியில் இருக்கிறார்னு போடணும்."

"போடலாமா மேடம்?"

"அதுதானே நிஜம்? பொய்யை எப்படிப் போடறது?" கோபமாகவே கேட்டாள். தினோராவுக்கு அந்தக் கோபம் பிடித்தது. "போட்டாச்சு. இப்ப, தற்போது வேலை செய்யும் இடத்திலிருந்து சான்றிதழ் வேணுங்குது. எந்த தேதிலேர்ந்து வேலை செய்யறீங்கன்னு. அது இல்லாம உங்க விண்ணப்பத்தை எடுத்துக்காது. சான்றிதழ் இருக்கா?"

"இல்லையே மேடம்."

"யார் குடுப்பாங்க?"

"ஆபீஸ்ல குடுப்பாங்க."

"எந்த ஆபீஸ்?"

"இந்த ஆபீஸ்தான் மேடம். நீங்கதான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டார்கள். வெளியே யாரோ கதவைத் தட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்றார்கள். மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். பதிவேட்டைப் பார்த்து ஒரு தேதி, இன்னொரு பதிவேட்டைப் பார்த்து அதைச் சரிபார்த்தாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்த முறை அது: எதையும் வாய்வார்த்தையாக ஏற்றுக்கொள்ளாதே, காகிதம் கேள். இந்தக் காகிதத்தை அவள் தன்னிடமேதான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டாள், கொடுத்தாள். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. கையெழுத்துப் போட்டாள். இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தி, மேஜைக்கு இந்தப் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க சான்றிதழ். இப்ப நீங்க இதை எங்கிட்ட குடுக்கணும். ஃபைல்ல வெக்கறேன்."

தினோரா வாங்கினாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் நிதானமாகத்தான் படிப்பாள். தன் முழுப் பெயர் இருந்தது, அம்மா வழிக் குடும்பப் பெயரோடு. இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரி ஐந்தாம் தேதி முதல் இன்றுவரை இந்த இடத்தில் தொடர்ந்து பணிபுரிந்து வருகிறார். தொடர்ந்து. அந்த ஒரு வார்த்தையை விரலால் தொட்டுத் தொட்டு மூன்று தடவை படித்தாள். கீழே மை காயாத முத்திரை. பதினேழு வருஷத்தில் இந்த அறையில் அவள் போட்ட கையெழுத்துக்கு அளவே இல்லை. இந்த அறையிலிருந்து அவளுக்கென்று ஒரு கையெழுத்து வந்தது இதுதான் முதல் தடவை.

"நீன்யா தினோரா?" மேடத்தின் கை நீட்டியபடியே இருந்தது.

"இதைக் குடுத்தா என்ன ஆகும் மேடம்?"

"ஃபைலுக்குப் போகும். ஃபைல் மேனேஜருக்குப் போகும்."

"அவர் என்ன பண்ணுவார்?"

மேனேஜர் என்ன செய்வார் என்று மேடத்துக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப குடுக்க மாட்டேன்," என்றாள் தினோரா. சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"குடுக்கலைன்னா விண்ணப்பம் பாதில நிக்கும். வேலை கிடைக்காது."

"வேலைதான் இருக்கே மேடம். நீங்களே எழுதி முத்திரை போட்டிருக்கீங்களே."

மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், சாத்தின கதவைப் பார்த்தாள். "ஆமாம்," என்றாள் கடைசியில், கணக்கில் தோற்றுப்போன பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி. "வேலையை விடாதவங்களுக்கு நான் எப்படி வேலை குடுக்கறது? வேலை காலியாவே இல்லையே. நீங்க... நீங்க மிஷினுக்குப் போங்க. நாளைக்கு என்னைக் கேட்டா என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியல." அதே சான்றிதழை இன்னொரு தாளில் அச்சடித்து, அதை ஃபைலில் வைக்காமல் தன் கைப்பைக்குள் மடித்து வைத்தாள். "இருங்க. உங்களுக்கு முன்னால ஒரு பெரியவர் வந்தாரே?"

"தோன் எவெலியோ. இருபத்தோரு வருஷமா இந்த நாற்காலில உட்கார்ந்திருந்தவர்."

"இந்த நாற்காலிலயா?" அவள் பாதி எழுந்துவிட்டாள். "போய்ட்டாரா? முடிஞ்சா கூட்டிட்டு வாங்களேன்."

தினோரா வெளியே வந்ததும் வரிசை அவளை மொய்த்துக்கொண்டது. கிடைத்ததா, முத்திரை எங்கே, என்ன கேட்கிறாள்? சொய்லா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்னடி சொன்னே உள்ள?"

"விடலைன்னு சொன்னேன்."

"பாவி! அப்ப வேலை?"

"தெரியலடி. இருக்காம். நீயும் விடலைன்னே சொல்லு." அதற்குமேல் அவளுக்கே விளங்காததை எப்படி விளக்குவது? ரவிக்கைக்குள் தாளைச் செருகிக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினாள்.

தோன் எவெலியோ பஸ் நிறுத்தத்தில்தான் நின்றார். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாராம். வீட்டில் போய் என்ன சொல்வது என்று நின்றுகொண்டிருந்தார். தினோரா மூச்சிரைக்கத் தாளை எடுத்துக் காட்டினாள். அவர் வாங்கி எழுத்தைப் பார்க்கும் முன் முத்திரையைப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நம்ம முத்திரைதான்," என்றார். "இதை எங்க குத்தினாங்க?"

"என் கண்ணு முன்னாலதான். உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. வாங்க, நடந்ததை அப்படியே சொல்லுங்க, உங்களுக்கும் குடுப்பாங்க."

இப்போதுதான் அவர் படித்தார். படித்து முடித்தும் தாளைத் திருப்பித் தரவில்லை. "நடந்ததையா?"

"ஆமா. நீங்க விடலைன்னு."

"நான் விடல. சரி. ஆனா உங்களையெல்லாம் விட வெச்சது யாரு?" குரல் கரகரத்தது. "அந்தப் பதினேழு கடிதத்தையும் உங்கிட்ட நீட்டினது நான்தான் தினோரா. என் பேனாதான். அந்த மூணு பொண்ணுங்களுக்கும் கூப்பிட்டுச் சொல்றோம்னு சொன்னதும் நான்தான். நடந்ததைச் சொல்லுன்னா அதையும்தானே சொல்லணும்?"

தினோராவுக்கு அது அந்த நிமிஷம் வரைக்கும் தோன்றவே இல்லை. பதினேழு வருஷமாக அவர் பேனாவை நீட்டினார், அவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள், கையோடு பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டார்கள். மகளின் ஞானஸ்நானத்துக்குக் கூட வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். இப்போது அந்த முகத்தைப் பார்த்தபோது கோபம் வந்தது. கோபம் வந்த கையோடு பாவமாகவும் இருந்தது. எதை முதலில் வைப்பது என்று தெரியவில்லை.

"ஆமா," என்றாள். "அதையும்தான் சொல்லணும்."

"சொன்னா எனக்கு என்ன கிடைக்கும்?"

"தெரியல தோன் எவெலியோ. எனக்கு எதுவுமே தெரியல." அவர் விரல்களிலிருந்து தாளை மெதுவாக, கிழிந்துவிடாமல், இழுத்து எடுத்தாள். அடுத்த பஸ் வந்து நின்றது. டிரைவர், ஏறுறீங்களா இல்லையா பெரியவரே என்று கத்தினான். அவர் பஸ்ஸையும் பார்த்தார், டேங்க்கையும் பார்த்தார். ஒரு காலை ரோட்டில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

உள்ளே எட்டு மணிச் சங்கு ஊதியது.

"நீங்க யோசிச்சு வாங்க," என்றாள் தினோரா. "எனக்கு நேரமாச்சு. நான் வேலைக்குப் போகணும்."